தைராய்டு நோயும் சத்து மாத்திரைகளும்: தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

தைராய்டு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் பலர் வீட்டில் இரண்டு மருந்துப் பெட்டிகளை வைத்திருப்பர். ஒன்றில் மருத்துவர் எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரை இருக்கும். மற்றொன்றில் கால்சியம், இரும்புச்சத்து, பல்வகை வைட்டமின்கள், முடி வளர்ச்சிக்கான மாத்திரை, உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த சத்துக் குளிகை எனப் பலவும் இருக்கும். புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது முதற்பெட்டியைப் பற்றி மட்டுமே பேசுவது வழக்கம். இரண்டாவதில் இருப்பவை மருந்துகள் அல்ல என்பதும், அவற்றால் தீங்கு நேராது என்பதும் பொதுவான எண்ணம்.

அந்த எண்ணம் முழுவதும் சரியன்று. சில சத்து மாத்திரைகள் தைராய்டு மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. சில, இரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டுகின்றன. இன்னும் சில சுரப்பியின் இயக்கத்தையே மாற்றிவிடுகின்றன. இவற்றோடு பால், கோதுமை, சோயா, மீன் போன்றவை ஒத்துக்கொள்ளாத நிலையும் சேர்ந்துகொண்டால், எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்ற குழப்பம் மேலும் பெருகுகிறது. அக்குழப்பத்தைப் படிப்படியாகத் தீர்த்துக்கொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உங்கள் தைராய்டு நோய் எவ்வகையைச் சேர்ந்தது?

‘எனக்குத் தைராய்டு இருக்கிறது’ என்று சொல்வது பேச்சுவழக்கு. தைராய்டு என்பது எல்லோருக்கும் கழுத்தின் முன்புறத்தில் இருக்கும் சுரப்பி. அதில் நேரும் கோளாறுகள் பல. ஹார்மோன் குறைவாகச் சுரப்பது ஒன்று. அதிகமாகச் சுரப்பது மற்றொன்று. கழலை அல்லது புற்றுநோய்க்காகச் சுரப்பியை அறுவை செய்து அகற்றியிருப்பது மூன்றாவது நிலை. இம்மூன்றுக்கும் பொருந்தும் ஒரே சத்து மாத்திரை என்று எதுவும் இல்லை.

ஹார்மோன் குறைபாட்டுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று ஹாஷிமோட்டோ நோய். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவதால் இது உண்டாகிறது. இவ்வகைத் தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களுக்கு, அதே தன்மையுடைய வேறு நோய்களும் சேர்ந்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். வைட்டமின் பி12-ஐ உறிஞ்ச முடியாத இரத்தசோகையும், கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் அவற்றுள் அடங்கும். ஆகவே, தைராய்டு நோயாளிகளுக்குச் சத்துக்குறைவு நேர்வது எப்போதும் உணவுக் குறைவால் மட்டும் அன்று. உண்ட சத்து உடலில் சேராமல் போவதாலும் நேரலாம்.

மாத்திரைக்கு முன் பரிசோதனை

சோர்வு, முடி உதிர்தல், தசை வலி, மறதி ஆகியவையே பெரும்பாலோரைச் சத்து மாத்திரையை நாடச் செய்கின்றன. இவ்வறிகுறிகள் தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் வரும். இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 ஆகியவை குறைந்தாலும் வரும். போதிய உறக்கம் இல்லாவிட்டாலும் வரும். அறிகுறியை மட்டும் பார்த்து எது குறைவு என்று ஊகிக்க இயலாது.

எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த வைட்டமின் நல்லது?’ என்பதன்று, ‘எனக்கு எது குறைவாக இருக்கிறது?’ என்பதே. ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், வைட்டமின் பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றுள் உங்களுக்குத் தேவையானவற்றை மருத்துவர் பரிசோதிப்பார். குறைபாடு உறுதியானால் அந்த ஒரு சத்தை, உரிய அளவில், உரிய காலத்துக்கு எடுத்துக்கொள்வதே முறை. இருபது சத்துகளைச் சிறு சிறு அளவில் கலந்த மாத்திரை உண்மையான குறைபாட்டைத் தீர்ப்பதில்லை. மாறாக, தைராய்டு மருந்தோடு மோதும் பொருள்களை அறியாமலே உடலுக்குள் சேர்த்துவிடுகிறது.

மருந்தைத் தடுக்கும் சத்துகள்

ஹார்மோன் குறைபாட்டுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மிகச் சிறிய அளவில், மைக்ரோகிராம் கணக்கில், உட்கொள்ளப்படும் மருந்து. அது சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் உட்கொண்டாலும் அதில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடே உடலில் சேர்கிறது. அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ சிற்றுண்டியோ எடுத்துக்கொள்ளுமாறு கூறுகிறோம்.

கால்சியமும் இரும்பும் குடலில் லெவோதைராக்சினோடு பிணைந்துகொள்கின்றன. அவ்வாறு பிணைந்த மருந்து இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. அலுமினியம் கலந்த அமிலநீக்கி மருந்துகளும், நார்ச்சத்துப் பொடிகளும், சோயாப் புரதப் பொடியும் இவ்வாறே உறிஞ்சுதலைக் குறைக்கக்கூடும். பல்வகை வைட்டமின் மாத்திரைகளில் பெரும்பாலும் கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் ஆகியவை கலந்திருக்கும். ஆகவே அவற்றையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இதனால் விளைவது என்ன? நோயாளி ஒரு நாளும் தவறாமல் மாத்திரை எடுக்கிறார். ஆயினும் டி.எஸ்.எச். அளவு உயர்கிறது. மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. சில மாதங்கள் கழித்து அவர் கால்சியத்தை நிறுத்திவிடுகிறார். இப்போது கூட்டப்பட்ட மருந்து முழுவதும் உடலில் சேர்ந்து, படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. முதியவர்களுக்கு இது இதயத் துடிப்பைச் சீரற்றதாக்கும். எலும்பையும் நலிவடையச் செய்யும். மருந்தில் குறையில்லை, இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே விட வேண்டிய நேரம்தான் விடப்படவில்லை.

தீர்வு எளியது. தைராய்டு மாத்திரைக்கும், கால்சியம் அல்லது இரும்பு மாத்திரைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். வைட்டமின் பி12-க்கு இத்தகைய மோதல் இல்லை. வைட்டமின் டி தனியாக இருந்தால் அதற்கும் இல்லை. ஆனால் கால்சியத்தோடு சேர்ந்த டி மாத்திரைக்கு இவ்விதி பொருந்தும்.

பரிசோதனையைக் குழப்பும் பயோட்டின்

முடி, நகம், தோல் ஆகியவற்றின் பெயரைச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளில் முதன்மையானது பயோட்டின். இது வைட்டமின் பி வகையைச் சேர்ந்தது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் போதும். அது அன்றாட உணவிலேயே கிடைத்துவிடுகிறது. கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளிலோ 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கிறது. 10 மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம். அதாவது அன்றாடத் தேவையைப்போல் 300 மடங்குக்கும் மேல்.

பயோட்டின் சுரப்பியைக் கெடுப்பதில்லை. ஆனால் ஆய்வகக் கருவிகள் பலவற்றில் ஹார்மோனை அளக்கும் முறையே பயோட்டினைப் பயன்படுத்தி அமைந்துள்ளது. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அக்கருவி ஏமாறுகிறது. டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், டி3, டி4 ஆகியவை உண்மையைவிட அதிகமாகவும் காட்டப்படுகின்றன. ஹார்மோன் மிகையாக உள்ளவரின் அறிக்கையைப் போலவே அது தோன்றும்.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுக்கும் பெண்ணொருவருக்கு முடி உதிர்கிறது. அவர் பயோட்டின் உண்ணத் தொடங்குகிறார். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகக் குறைவாக வருகிறது. மருந்து அதிகமாகிவிட்டதென்று கருதி அளவு 50 மைக்ரோகிராமாகக் குறைக்கப்படுகிறது. இப்போது உண்மையிலேயே ஹார்மோன் குறைகிறது. சோர்வு பெருகுகிறது, எடை கூடுகிறது, முடி மேலும் உதிர்கிறது. அவரோ பயோட்டினை இரட்டிப்பாக்குகிறார். உதிர்தலுக்கு உண்மையான காரணம் இரும்புச் சேமிப்பின் குறைவாக இருந்திருக்கலாம். அதை யாரும் பார்க்கவில்லை. ‘வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?’ என்ற கேள்வியும் அதற்கான முழுமையான விடையும் இச்சுழலைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டறிய உதவும் டிரோபோனின் பரிசோதனையும் பயோட்டினால் பொய்யாகக் குறைந்து காட்டப்படலாம் என்பது அவ்வெச்சரிக்கையின் முக்கியப் பகுதி. எனவே தைராய்டுப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். மிக அதிக அளவில் உண்போர் இன்னும் கூடுதல் நாள்கள் நிறுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

அயோடின்: போதும் என்பதே நன்று

தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் இன்றியமையாதது. அதனால் ‘தைராய்டு நோய்க்கு அயோடின் மாத்திரை நல்லது’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகின்றனர். வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. இந்தியாவில் விற்கப்படும் அயோடின் கலந்த உப்பில், அது நம் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அக்கணக்கின்படி 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் கிடைக்கிறது. உப்பின் அளவை நாம் குறைத்துக்கொண்டாலும், பால், முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்தும் ஓரளவு அயோடின் கிடைக்கும். இந்துப்பு மட்டுமே பயன்படுத்தும் வீடுகளில் அயோடின் குறைவுபடலாம்; அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தேவைக்கு மேற்பட்ட அயோடின், ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களின் சுரப்பியை மேலும் முடக்கக்கூடும். கணுக்களுடைய கழலை இருப்பவர்களுக்கு எதிர்மாறாக ஹார்மோன் மிகையாகச் சுரக்கத் தூண்டக்கூடும். கடற்பாசிப் பொடியும் கெல்ப் எனப்படும் கடற்பாசி மாத்திரையும் இத்தகையவை. அவற்றில் உள்ள அயோடினின் அளவு ஒரு புட்டிக்கும் மற்றொரு புட்டிக்கும் வேறுபடும். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ தயாராகும் நோயாளிகள் இவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

செலினியமும் சுரப்பியின் இயக்கத்துக்குத் தேவையான தாதுதான். கிரேவ்ஸ் நோயால் கண்கள் இலேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு இதைத் தருவதுண்டு. ஆனால் நாளொன்றுக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம் அளவே. 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அளவு மிகுந்தால் நகம் உடையும். எந்த முடியைக் காக்க எண்ணி உண்டோமோ அந்த முடியும் உதிரும்.

‘தைராய்டு பலம்’ என்னும் பொருளில் விற்கப்படும் கலவைகள் குறித்துத் தனியாக எச்சரிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்பட்ட இத்தகைய 10 தயாரிப்புகளைச் சோதித்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவற்றில் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்ததைக் கண்டது. அமுக்கரா கிழங்கு சேர்ந்த தயாரிப்புகளும் ஹார்மோன் அளவை உயர்த்தக்கூடும். அவற்றால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நீங்கள் சித்த, ஆயுர்வேத மருந்துகளை எடுத்துவந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. இரு மருத்துவரிடமும் இரு பட்டியலையும் காட்டுங்கள்.

வைட்டமின் டி, பி12

வைட்டமின் டி குறைபாடு நம்மிடையே மிகப் பரவலாக உள்ளது. 60,000 அலகு கொண்ட குளிகையோ பொடியோ வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்குத் தரப்படுவது வழக்கம். இதில் இரு பிழைகள் நேர்கின்றன. வாரம் ஒன்று என்பதை நாள்தோறும் ஒன்று என எடுத்துக்கொள்வது ஒன்று. எட்டு வாரத்துக்கு எழுதிய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பது மற்றொன்று. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலில் தேங்குவது. மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து, குமட்டல், மலச்சிக்கல், மிகுதாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். சீட்டில் எழுதப்பட்ட கடைசி வாரத்தின் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பி12 இயற்கையாக விலங்குவழி உணவுகளிலேயே உள்ளது. பாலும் தயிரும் ஒத்துக்கொள்ளாத சைவ உணவினருக்கும், நீரிழிவுக்காக மெட்பார்மின் எடுப்போருக்கும் இது குறையும் வாய்ப்பு அதிகம். கால் மரத்துப்போதல், நாக்கு வழவழப்பாதல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். பி12 குறைந்திருக்கையில் போலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து உண்டால் இரத்தசோகை சீரானது போலத் தோன்றும். நரம்புப் பாதிப்போ தொடர்ந்து வளரும். உறிஞ்சும் திறனே இல்லாதவர்களுக்கு ஊசியோ மிகுந்த அளவு மாத்திரையோ தேவைப்படும். சாதாரணப் பல்வகை வைட்டமின் அவர்களுக்குப் போதாது.

உணவு ஒத்துக்கொள்ளாமை: மூன்று வேறு நிலைகள்

‘எனக்கு அது ஒத்துக்கொள்ளாது’ என்ற ஒரே தொடருக்குள் மூன்று வேறு நிலைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறிந்தால்தான் மாத்திரையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

முதலாவது, ஒவ்வாமை. பால், முட்டை, வேர்க்கடலை, மீன், இறால் போன்றவற்றின் புரதத்துக்கு உடலின் எதிர்ப்பாற்றல் கடுமையாக எதிர்வினை புரிவது இது. தோல் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை விரைவில் தோன்றும். மிகச் சிறிதளவும் ஆபத்தாகலாம். இத்தகையோர் ஒரு மாத்திரையின் உட்பொருள்களை முழுமையாக அறியாமல் அதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, செரிமானக் குறைவு. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகின்றன. இங்கு அளவே முக்கியம். இக்குறைவு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளையில் 12 கிராம் வரை லாக்டோஸைத் தாங்கிக்கொள்கின்றனர். மாத்திரைக்கு உருக்கொடுக்கச் சேர்க்கப்படும் லாக்டோஸ் பொதுவாக அரைக் கிராமுக்கும் குறைவு. தைராய்டு மாத்திரையில் லாக்டோஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதை நிறுத்திவிடுவது, சிறு அசௌகரியத்துக்கு அஞ்சிப் பெருந்தீங்கை வரவழைப்பதாகும். ஐயமிருந்தால் மருத்துவரிடம் கேட்டு வேறு தயாரிப்புக்கு மாறலாம். மாறிய 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். மீண்டும் பார்க்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சிதைவது இது. வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இது குறைவெனினும், ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களிடம் நினைவில் கொள்ள வேண்டியது. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். குறையவில்லை; இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் உண்டும் இரத்தம் ஊறவில்லை என்றால் இதைப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனைக்கு முன் கோதுமையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் முடிவு இல்லையென்று வரலாம். நோய் உறுதியானவர்கள் சப்பாத்தி, ரவை, மைதா ஆகியவற்றோடு நிற்காமல், கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம், கோதுமை சேர்ந்த சத்துமாவு, மாத்திரையில் சேர்க்கப்படும் கோதுமை மாப்பொருள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

சீலியாக் நோய் இல்லாத தைராய்டு நோயாளிகள் அனைவரும் கோதுமையைக் கைவிட வேண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. முட்டைக்கோசு, காலிபிளவர் போன்றவற்றையும், சமைத்து அளவாக உண்டால், ஒதுக்க வேண்டியதில்லை. காரணமின்றிப் பால், கோதுமை, காய்கறி என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், இல்லாத குறைபாட்டை நாமே உருவாக்கி, அதற்கு மாத்திரை தேடும் நிலை வரும். பால் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றால் கால்சியத்தைப் பெறலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உள்ளது. லாக்டோஸ் செரிக்காத பலருக்குப் புளித்த தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

லேபிளை வாசிக்கும் முறை

புட்டியின் முன்புறம் விளம்பரம், பின்புறமே தகவல். பின்புறத்தைத் திருப்பி, பின்வருவனவற்றைப் பாருங்கள்.

1. அது மருந்தா, உணவுத் துணைப்பொருளா? எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணோடு வருபவை உணவுச் சட்டத்தின் கீழ் விற்கப்படுபவை. நோயைக் குணப்படுத்தும் என்று அவை உரிமை கொண்டாட முடியாது.

2. அளவு எந்த அலகில் உள்ளது? 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். பயோட்டின், அயோடின், செலினியம் ஆகியவற்றில் இந்த வேறுபாடு பெரிது.

3. தனிமத்தின் அளவு எவ்வளவு? 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. இரண்டு புட்டிகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணையே ஒப்பிட வேண்டும். கார்பனேட் வகையை உணவோடு எடுக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து உண்போருக்குச் சிட்ரேட் வகை ஏற்றது.

4. ஒவ்வாமைக் குறிப்பு உள்ளதா? பால், சோயா, கோதுமை, மீன், முட்டை, கடலை வகைகள் ஆகியவை கலந்திருந்தால் உணவுத் துணைப்பொருளின் லேபிளில் அறிவிக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய குளிகைகளில் சோயா எண்ணெயோ லெசித்தினோ இருக்கலாம்.

5. சைவமா? பச்சைக் குறி சைவம் என்பதைக் காட்டும். ஜெலட்டின் உறை விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து செய்யப்படுவது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. தாவரவழித் தயாரிப்பும் உண்டு. சில கால்சியம் மாத்திரைகள் சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுகின்றன. நோன்பும் சைவமும் பேணும் முதியோர் இதை அறிந்து மாத்திரையை இரகசியமாக நிறுத்திவிடுவதுண்டு. முன்கூட்டியே சொன்னால் மாற்றுத் தயாரிப்பைத் தர முடியும்.

6. ஒரே சத்து இரண்டு புட்டிகளில் உள்ளதா? கால்சியம் மாத்திரை, பல்வகை வைட்டமின், சத்துப் பானம் ஆகிய மூன்றிலும் வைட்டமின் டி இருக்கலாம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

ஒரு நாளின் கால அட்டவணை

லெவோதைராக்சினோடு இரும்பும் கால்சியமும் எடுக்கும் ஒருவருக்கான மாதிரி அட்டவணை இது. உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

காலை 6 மணி: லெவோதைராக்சின், தண்ணீருடன் மட்டும்.
காலை 7 மணி: காபி அல்லது தேநீர், அதன்பின் சிற்றுண்டி.
பகல் 1 மணி: மதிய உணவோடு கால்சியம், வைட்டமின் டி எடுக்கும் நாளாயின் அதுவும்.
மாலை 6 மணி: இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு. தேநீரும் காபியும் இரும்பு சேர்வதைத் தடுப்பதால், அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.
இரவு 8 மணி: உணவு, இரண்டாம் வேளை கால்சியம் எழுதப்பட்டிருந்தால் இப்போது.

காலையில் இயலாதவர்கள், இரவு உணவு முடிந்து 3 மணி நேரத்துக்குப் பின், உறங்கும் முன் லெவோதைராக்சின் எடுக்கலாம். அப்போது மாலை, இரவு வேளைகளுக்குரிய இரும்பையும் கால்சியத்தையும் பகலுக்கு மாற்ற வேண்டும். எந்த முறையானாலும் நாள்தோறும் ஒரே முறையைப் பின்பற்றுவது முக்கியம்.

தனிக் கவனம் தேவைப்படுவோர்

கர்ப்பிணிகளுக்குத் தைராய்டு ஹார்மோன் தேவை பெரும்பாலும் கூடுகிறது. அதே காலத்தில்தான் இரும்பும் கால்சியமும் நாள்தோறும் தரப்படுகின்றன. இரண்டும் தாய்க்கும் சேய்க்கும் தேவை. எதையும் நிறுத்தாமல் நேரத்தைப் பிரிப்பதே வழி. வைட்டமின் ஏ மிகுந்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணிகள் உண்ணக் கூடாது. அது கருவைப் பாதிக்கும்.

சுரப்பியை அகற்றியபின் தரப்படும் கால்சியமும் கால்சிட்ரியாலும் விருப்பத்துக்கேற்ப உண்ணும் சத்து மாத்திரைகள் அல்ல. அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்திருந்தால், அவற்றை நிறுத்தியவுடன் உதடும் விரல்களும் மரத்து, கைகால் இழுப்பு ஏற்படலாம். அவ்வாறு நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் கால்சியம், வைட்டமின் டி, மெக்னீசியம் ஆகியவற்றைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

பராமரிப்பவர்களுக்கு

முதியவருக்கோ நோயுற்றவருக்கோ மருந்து எடுத்துக்கொடுப்பவர் வீட்டில் ஒருவர் இருப்பார். அவருக்குச் சில வேண்டுகோள்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது இரண்டு பெட்டிகளையும், சத்துமாவு, புரதப் பொடி, இலேகியம் உட்பட அனைத்தையும், கொண்டுவாருங்கள். அல்லது புட்டிகளின் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். புதிய சத்து மாத்திரை எதையும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் தொடங்காதீர்கள். தோலில் தடிப்போ வயிற்றுக் கோளாறோ வந்தால் எதனால் வந்தது என்பது அப்போதுதான் தெரியும். தொடங்கிய தேதியையும் நிறுத்த வேண்டிய தேதியையும் புட்டியின் மேல் எழுதுங்கள். கால்சியமோ இரும்போ புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும், 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நோயாளிக்கு ஒவ்வாமை இருப்பின், எப்பொருளால், எந்த ஆண்டில், என்ன நேர்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவக் கோப்பின் முதற்பக்கத்தில் வையுங்கள். அவசரப் பிரிவில் நள்ளிரவில் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அத்தாளே பெருந்துணையாகும். பயோட்டின் எடுப்பவராயின் அதையும் அதில் எழுதுங்கள்.

தைராய்டு நோயின் சிகிச்சை பெரும்பாலும் எளியது. மருந்தின் விலையும் குறைவு. அதன் பயன் முழுமையாகக் கிட்ட வேண்டுமானால், வீட்டிலுள்ள இரண்டாவது பெட்டியும் மருத்துவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதில் இருப்பவற்றுள் உங்களுக்குத் தேவையானவை சில இருக்கும், தேவையற்றவையும் இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் பணியை உங்கள் அடுத்த வருகையின்போது நாம் சேர்ந்தே செய்வோம்.